கரடிக்குக் கூண்டு கேட்குமுன்

நீலகிரி மாவட்டத்தில் கோத்தகிரி, குன்னூர் வட்டாரச் சிறு தேயிலை விவசாயிகளைச் சந்திக்கும்போதெல்லாம் உரம், கவாத்து, கொழுந்து விலை பற்றிய கேள்விகளோடு இன்னொரு கேள்வியும் இப்போது தவறாமல் வருகிறது. "கரடிக்கு என்ன மருந்து சார்?" என்று கேட்கிறார்கள். கொப்புளக் கருகலுக்கு மருந்து கேட்பது போலவே கேட்கிறார்கள். கேலியாகக் கேட்டாலும் கேள்விக்குப் பின்னால் இருப்பது பயம்தான். அதிகாலையில் பால் ஊற்றப் போகிறவர், இருட்டுவதற்குள் கொழுந்து மூட்டையைச் சேர்க்க ஓடும் பெண்கள், டியூஷன் முடிந்து திரும்பும் பிள்ளைகள் என எல்லோருக்கும் அந்தப் பயம் இருக்கிறது.

சமையலறைக் கதவை உடைத்து எண்ணெய் டின்னைக் கவிழ்த்தது, கோயிலுக்குள் புகுந்து விளக்கெண்ணெயையும் நெய்யையும் நக்கிவிட்டுப் போனது, சத்துணவுக் கூடத்தில் பருப்பு மூட்டையைக் கிழித்தது ஆகிய செய்திகள் இங்கு புதியவை அல்ல. தெற்கே பொதிகை மலையடிவாரத்திலும் நிலைமை இதுதான். 2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் அருகே இரு சக்கர வாகனத்தில் வியாபாரத்துக்குச் சென்ற ஒருவரைக் கரடி தாக்கியது. காப்பாற்ற ஓடிய இருவரும் பலத்த காயமடைந்தார்கள். இப்படி ஒவ்வொன்று நடக்கும்போதும் ஊர் கூடி வனத்துறையிடம் கேட்பது ஒன்றே: "கூண்டு வையுங்கள், பிடித்துக்கொண்டு போங்கள்."

கேட்பதில் தவறில்லை. ஆனால் கூண்டு கடைசியாகச் செய்ய வேண்டிய காரியம் என்பது என் கருத்து. நாம் அதை முதல் காரியமாக வைத்துக்கொண்டு, முதலில் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுகிறோம். அதனால்தான் ஒரு கரடி போனால் இன்னொன்று வருகிறது. ஏன் அப்படி என்பதற்குக் கரடியின் சுபாவத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் காடுகளில் இருப்பது தேன்கரடி. நன்கு வளர்ந்த ஆண் கரடி 80 முதல் 140 கிலோ வரை இருக்கும். பெண் கரடி அதைவிடச் சிறியது. முன்னங்காலில் மூன்று, நான்கு அங்குல நீளத்துக்கு வளைந்த நகங்கள் உண்டு. இவை மனிதனைக் கிழிப்பதற்காக ஏற்பட்டவை அல்ல, கரையான் புற்றைத் தோண்டுவதற்காக ஏற்பட்டவை. மேல் வரிசையில் நடுவில் இரண்டு பற்கள் இல்லை. அந்த இடைவெளி வழியாகத்தான் காற்றை ஊதி மண்ணை விலக்கிக் கரையானை உறிஞ்சி எடுக்கிறது. கரையான், எறும்பு, தேன், நாவல், அத்தி, இலந்தை, கொன்றைக்காய் ஆகியவையே அதன் சாப்பாடு. ஆடு மாட்டைத் தேடி அது வருவதில்லை. கரையானைத் தின்று, பழ விதைகளைக் காடெங்கும் பரப்பும் ஒரு பிராணியை உழவனுக்குப் பகை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நம் வாசலில் வந்து நிற்கும்போது அந்த நல்ல குணங்களை எடுத்துச் சொல்லி யாரையும் சமாதானப்படுத்த முடியாது.

முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. கரடிக்குப் பார்வையும் காதும் அவ்வளவு கூர்மை இல்லை. மூக்கோ மிக மிகக் கூர்மை. தரைக்கடியில் இருக்கும் பூச்சியையே மோப்பத்தால் கண்டுபிடிக்கும் மூக்குக்கு, பழுத்த பலாவும் திறந்து வைத்த எண்ணெயும் எவ்வளவு தூரத்திலிருந்து தெரியும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்தது, எதிரே திடீரென்று ஆள் வந்துவிட்டால் அது ஓடுவதைவிட முந்திக்கொண்டு பாய்வதே அதிகம். புலியோடு ஒரே காட்டில் வாழ்ந்த பிராணி அது. மற்ற பல கரடிகளைப் போல மரத்தில் ஏறித் தப்பிக்கப் பார்க்காமல், எதிர்த்து நின்றே பிழைத்து வந்திருக்கிறது. முதுகில் குட்டியைச் சுமந்து வரும் தாய்க் கரடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே கரடியை ஊருக்குள் கொண்டுவருவது வாசனை. ஊருக்குள் தங்க வைப்பது புதர். இந்த இரண்டும் நம் கையில் இருப்பவை.

முதலில் புதரைப் பார்ப்போம். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பச்சைத் தேயிலை விலை சரிந்தபோது, ஒன்றரை ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருந்த பலர் தோட்டத்தைப் பராமரிக்க முடியாமல் விட்டுவிட்டு கோவைக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனார்கள். கவாத்து நின்றது. இடுப்பளவு இருக்க வேண்டிய செடி இன்று ஆள் உயரத்துக்கு மேல் மரமாக நிற்கிறது. நடுவே உண்ணிச்செடி ஏறிப் பின்னிக்கொண்டிருக்கிறது. பகலில் கரடி படுத்துறங்க இதைவிட நல்ல இடம் காட்டில் கூடக் கிடைக்காது. குளிர், நிழல், மறைவு மூன்றும் அங்கே இருக்கின்றன. ஊரிலிருந்து ஐம்பது அடி. பகல் முழுதும் அங்கே இருந்துவிட்டு இருட்டியதும் எழுந்து நம் கொல்லைக்கு வருகிறது. "காட்டை விட்டுக் கரடி வருகிறது" என்று நாம் சொல்கிறோம். பல ஊர்களில் அது வருவது காட்டிலிருந்து அல்ல, பக்கத்துப் பட்டா நிலத்திலிருந்து.

இந்தப் புதரை வெட்ட வேண்டும். முழுவதும் ஒரே ஆண்டில் முடியாது, அதற்கான கூலி யாரிடமும் இல்லை என்பதை அறிவேன். ஆகவே எல்லாவற்றையும் வெட்டும்படி சொல்லவில்லை. நடைபாதையின் இரு புறமும் இருபது அடி, வீட்டைச் சுற்றி முப்பது அடி, தண்ணீர்க் குழாய், பள்ளிக்கூடம், கொழுந்து எடை போடும் இடம் ஆகியவற்றைச் சுற்றி அதே அளவு. இதை மட்டும் செய்தால் கூடப் போதும். ஆளும் கரடியும் ஒருவரையொருவர் தூரத்திலேயே பார்த்துவிட்டால் பாதித் தாக்குதல் இல்லை. உண்ணிச்செடியை வேரோடு எடுக்க வேண்டும். மேலே மட்டும் வெட்டினால் அடுத்த மழைக்கு முன்னிலும் அடர்த்தியாகத் துளிர்க்கும். மலைப்பகுதியில் மரம் வெட்டுவதற்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும் என்பதால் மரங்களில் கை வைக்காதீர்கள். புதர் விஷயம் வேறு. வெளியூரில் இருக்கும் சொந்தக்காரருக்கு ஊர்ப் பெரியவர்கள் மூலம் சொல்லி அனுப்பி, அவர் சம்மதத்தோடு வெட்டுங்கள். வெட்டிய இடத்தைச் சும்மா விடாமல் கினியாப்புல் போட்டால் மாட்டுக்கும் ஆகும், வெட்ட வெட்டப் பாதையும் தெளிவாக இருக்கும்.

இனி வாசனை. எண்ணெய், நெய், பிண்ணாக்கு, தவிடு, வெல்லம், கருவாடு ஆகியவற்றைச் சாக்கிலும் திறந்த டின்னிலும் வைக்கும் பழக்கத்தை விட வேண்டும். இறுக்கமான மூடியுள்ள இரும்பு டிரம்மில் போட்டு, வெளித் தாழ்வாரத்தில் இல்லாமல் உள்ளறையில் வையுங்கள். மாட்டுக் கொட்டகையில் இராத்திரிக்குத் தீவனத்தை ஊறவைத்து வைப்பதும் அழைப்புத்தான். சமையலறை பின்பக்கம் தனியாக இருக்கும் வீடுகளில் தகரக் கதவோ பழைய பலகைக் கதவோ கரடிக்கு ஒரு தடையே அல்ல. கதவை மாற்றச் செலவாகும். உள்ளே இருப்பதை இடம் மாற்றச் செலவில்லை. குப்பைக்குழியில் பழத்தோல், மீன் கழிவு, கோழிக் கழிவு போட்டால் அன்றே ஓரடி மண் போட்டு மூடுங்கள். எருக்குழிக்கும் அதே விதி.

பலாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பர்லியாறு, கூடலூர்ப் பக்கங்களிலும் தென்மலை அடிவாரங்களிலும் வீட்டுக்கு ஒரு பலா இருக்கிறது. மார்ச்சில் தொடங்கி ஜூலை வரை மரத்திலேயே பழுக்கவிட்டு, தின்றது போக மீதி விழுந்து அழுகும். அந்த மணம் கரடியையும் இழுக்கும், யானையையும் இழுக்கும். சிலர் மரத்தைச் சுற்றி வழுக்கும் தகரம் கட்டலாமா என்று கேட்கிறார்கள். தென்னைக்கு எலித் தகரம் கட்டுவது போல நினைக்கிறார்கள். பலா காய்ப்பது அடிமரத்தில், கரடியின் கைக்கெட்டும் உயரத்தில். தகரம் கட்டி என்ன பயன்? செய்ய வேண்டியது, பழுக்குமுன் இறக்குவதுதான். பிஞ்சிலேயே பாதியைப் பறித்துக் கறிக்கு விற்றுவிடுங்கள். பிஞ்சுப் பலாவுக்கு இப்போது நகரத்தில் நல்ல கிராக்கி இருக்கிறது, நின்ற காயும் பெரிதாகும். மீதியை முற்றியவுடன் இறக்கி வீட்டுக்குள் பழுக்க வையுங்கள். முள் விரிந்து மழுங்குவதும், தட்டினால் மந்தமான ஓசை கேட்பதும், காம்புக்கு அருகில் உள்ள இலை மஞ்சளாவதும் முற்றியதற்கு அடையாளம். விழுந்ததை அன்றே பொறுக்கி மாட்டுக்குப் போடுங்கள், அல்லது இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். பேரி, கொய்யா, மா மரங்களுக்கும் இதையே செய்யலாம். எவரும் பறிக்க ஆளில்லாத மரமாக இருந்தால், ஊரார் பறித்து எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிடுங்கள்.

தேனீப்பெட்டி வைத்திருப்பவர்கள் தோட்டத்தின் கடைக்கோடியில் வைக்காமல் வீட்டை ஒட்டி, விளக்கு வெளிச்சம் படும் இடத்தில் ஒன்றாகச் சேர்த்து வையுங்கள். பத்துப் பெட்டிக்கு மேல் இருந்தால் சூரிய மின்வேலி போடுவது நஷ்டமில்லை. கரடியின் உடம்பில் அடர்ந்த முடி இருப்பதால் உடம்பில் பட்டால் அதிர்ச்சி தெரியாது. மூக்கில் படும்படி அடிக்கம்பி தரையிலிருந்து ஓர் அடிக்குள் இருக்க வேண்டும். களை வளர்ந்து கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். வெயில் காலத்தில் எர்த் கம்பியைச் சுற்றித் தண்ணீர் ஊற்ற வேண்டும். காட்டை ஒட்டிய நிலங்களில் மின்வேலிக்கு முன் அனுமதியும் பதிவும் வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2023-இல் விதிகள் கொண்டு வந்திருக்கிறது. மாவட்ட வன அலுவலகத்தில் விண்ணப்பித்து முறைப்படி செய்யுங்கள்.

இவற்றையெல்லாம் ஒரு வீட்டார் மட்டும் செய்து பயனில்லை. ஒன்பது வீடு சுத்தமாக இருந்து பத்தாவது வீட்டில் எண்ணெய் டின் வெளியே இருந்தால் கரடி பத்தாவது வீட்டுக்கு வரும், வழியில் மற்ற ஒன்பது வாசலையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் வரும். இது பயிர்ப் பாதுகாப்பு போலத்தான். எலியை ஒருவர் வயலில் மட்டும் ஒழிக்க முடியுமா? ஊர் கூடி ஒரு முடிவுக்கு வரவேண்டும். கோயில் கமிட்டியும் இதில் சேர வேண்டும். பூஜை முடிந்ததும் எண்ணெய்க் குடத்தையும் நெய்யையும் பிரசாதத்தையும் பூசாரி வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். அகல்களைத் துடைத்து வைக்கட்டும். இதைச் சொன்னபோது ஓர் ஊரில் மூத்தவர் ஒருவர் மனத்தாங்கலாகப் பார்த்தார். தெய்வக் காரியத்தில் தலையிடுவதாக நினைத்திருக்கலாம். கோயில் கதவை மூன்றாம் முறை புதுப்பிக்கும் செலவை எண்ணிப் பார்த்தால் அவருக்கே புரியும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது கூண்டு விஷயத்துக்கு வருவோம். கடையத்தில் பிடிபட்ட கரடியை மயக்க ஊசி போட்டுப் பிடித்து உள்காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அது சில நாட்கள் கூடப் பிழைக்கவில்லை. பிழைத்தாலும் நடப்பது என்ன? புது இடத்தில் வேறு கரடிகளின் எல்லை இருக்கிறது. கதவை உடைத்தால் எண்ணெய் கிடைக்கும் என்று கற்றுக்கொண்ட கரடி அடுத்த மலையிலும் கதவைத்தான் தேடும். நம் தொல்லையை இன்னொரு ஊருக்குப் பார்சல் அனுப்புவதுதான் அது. இங்கே காலியான இடத்துக்கு, அதே பலா மணத்தைப் பிடித்துக்கொண்டு வேறொன்று வரும்.

அதற்காகக் கூண்டே கூடாது என்று சொல்லவில்லை. பட்டப்பகலில் ஊருக்குள் திரிகிற, ஆளைக் கண்டும் விலகாத, மறுபடி மறுபடி வீட்டுக்குள் நுழைகிற கரடியைப் பிடித்தே ஆக வேண்டும். அப்போது தாமதிப்பது மனித உயிரோடு விளையாடுவது. வாசனையை நிறுத்திய பிறகும் பழகிப்போன கரடி சில வாரங்கள் வந்து பார்க்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். "எல்லாம் செய்தும் வந்துவிட்டதே" என்று உடனே கைவிடாதீர்கள்.

ஆத்திரத்தில் சிலர் செய்யும் இரண்டு காரியங்களைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் விடுவது ஒன்று. அது கரடியையும் கொல்லும், மறுநாள் காலையில் அந்த வழியே புல்லறுக்கப் போகும் பக்கத்து வீட்டுப் பெண்ணையும் கொல்லும். பழத்துக்குள் வெடி வைக்கும் அவுட்டுக்காய் இன்னொன்று. தாடை கிழிந்த கரடி சாகும்வரை பல நாள் வெறிபிடித்துத் திரியும், எதிரே வருபவர் யாரானாலும் தப்ப முடியாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் கரடி முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். ஒன்றரை ஏக்கர் விவசாயியின் குடும்பம் அதற்குப் பிறகு தலையெடுக்காது. நேரே பாய்ந்து வரும்போது உயிரைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்வதைச் சட்டம் குற்றமாகக் கருதுவதில்லை. ஆனால் பொறி வைத்துக் கொல்வது தற்காப்பு ஆகாது.

இருட்டோடும் விடியலோடும் வெளியே போக வேண்டியிருந்தால் மூன்று நான்கு பேராகப் போங்கள். பேசிக்கொண்டே, தடியைத் தட்டிக்கொண்டே, டார்ச் விளக்கோடு போங்கள். கொழுந்து பறிக்கத் தோட்டத்தில் இறங்குமுன் மேலிருந்தே உரக்கக் குரல் கொடுங்கள். அதன் காது மந்தம் என்பதால் மெல்லிய சத்தம் போதாது. அவிழ்த்துவிட்ட நாயோடு போகாதீர்கள். நாய் கரடியைச் சீண்டிவிட்டு உங்களிடம்தான் ஓடி வரும், பின்னால் கரடியும் வரும். தூரத்தில் கண்டால் கல்லெறியாமல், ஓடாமல், முகம் பார்த்தபடியே மெல்லப் பின்வாங்குங்கள். பின்னங்காலில் எழுந்து நிற்பது மோப்பம் பார்க்கத்தான், பாய்வதற்கு என்று நினைத்து அலறாதீர்கள். மரத்தில் ஏறித் தப்பலாம் என்று எண்ண வேண்டாம், அது நம்மைவிட நன்றாக ஏறும். மேலே விழுந்துவிட்டால் குப்புறப் படுத்து, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடி, முகத்தை மண்ணோடு அழுத்திக்கொள்ளுங்கள். கரடி குறிவைப்பது தலையையும் முகத்தையும். கண் பறிபோனவர்கள் இருக்கிறார்கள். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, 108-க்குச் சொல்லி அரசு மருத்துவமனைக்குப் போய், வெறிநாய்க்கடிக்குப் போடும் தடுப்பூசியையும் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். கீறல்தானே என்று மஞ்சள் பூசிவிட்டு வீட்டிலிருக்கக் கூடாது.

எல்லாப் பாரத்தையும் விவசாயி தலையிலேயே ஏற்றுவதாக யாரும் நினைக்க வேண்டாம். தெருவிளக்கு எரியாதது விவசாயி குற்றமல்ல. ஊராட்சிக் குப்பையைச் சாலையோரச் சரிவில் கொட்டுவதும், விடுதிகள் மிச்ச உணவைப் பின்பக்கம் எறிவதும் அவர் குற்றமல்ல. காட்டுக்குள் உண்ணிச்செடியை அகற்ற அரசு 2022-இல் ஒரு கொள்கையே வெளியிட்டிருக்கிறது. அந்த அக்கறையில் ஒரு பங்கைக் காட்டை ஒட்டிய தரிசுத் தேயிலைப் பட்டாக்களுக்கும் காட்டினால் என்ன? கவாத்துக்கும் புதர் நீக்கவும் சிறு விவசாயிக்கு ஏக்கர் கணக்கில் உதவித்தொகை கொடுப்பது, கூண்டும் மயக்க ஊசியும் வண்டியுமாக அலைவதைவிடப் பலன் தரும் என்று நான் திடமாக நம்புகிறேன். தேயிலை மகசூலும் திரும்பக் கிடைக்கும்.

அதுவரை ஒவ்வொரு ஊரும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளட்டும். கரடி வந்த தேதி, நேரம், எந்த வழி, எதைத் தின்றது, எதை உடைத்தது என்று எழுதி வாருங்கள். இரண்டு மாதம் எழுதினால் அது எதற்காக வருகிறது, எங்கே படுக்கிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். சேதம் ஏற்பட்டால் அன்றே போட்டோ எடுத்து, வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் கொடுத்து, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்குங்கள். காயமானால் மருத்துவமனைச் சீட்டும், பயிர் அல்லது வீடு ஆனால் கிராம நிர்வாக அலுவலர் சான்றும் சேர்த்து வையுங்கள். இழப்பீட்டு மனுக்களில் பல நின்றுபோவது காகிதம் இல்லாததால்தான். கூண்டு கேட்டு மனு எழுதுவதாக இருந்தாலும் அந்த நோட்டுப் புத்தகத்தின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள்.